தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்: மீனாட்சிசுந்தரம் பிள்ளையை ஒரு மதிப்பெண் வினாவாக விட்டுவிட வேண்டாம்

அன்புள்ள தமிழாசிரியர்களுக்கு,

வணக்கம். காவிரிக் கரைப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறவள் நான். உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல், அதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ஆண்டுக்கு ஒரு பாடவேளை, ஒரே ஒரு பாடவேளை, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாழ்க்கையைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லுங்கள். அவர் மறைந்தது 1876 பிப்ரவரி 1. 2026-ஓடு 150 ஆண்டுக் கணக்கு. பிப்ரவரி என்றால் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் திருப்புதல் தேர்வு, மூச்சுவிட நேரமிருக்காது, எனக்கும் அதே நிலைதான். ஆறிலிருந்து ஒன்பது வரை இருக்கிற வகுப்புகளுக்குச் சொல்லலாமே.

ஏன் இவர் என்று கேட்பீர்கள். நம் பிள்ளைகளுக்கு இவர் யார் என்று பாருங்கள். "உ.வே.சா.வின் ஆசிரியர் யார்?" ஒரு மதிப்பெண். நாலு பெயர் கொடுத்திருப்பார்கள், பிள்ளை சரியாகக் குறித்துவிடும், அதோடு முடிந்தது. ஆசிரியர் தேர்வு எழுதப் படித்த நமக்கு மட்டும் என்ன, எத்தனை புராணம், எத்தனை பிள்ளைத்தமிழ், எத்தனை அந்தாதி என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தோம். தல புராணங்கள் அதிகம் பாடியவர், சேக்கிழார் பிள்ளைத்தமிழ் பாடியவர், லட்சம் பாட்டுக்கு மேல் பாடியதாகச் சொல்வார்கள் என்று எழுதினால் முழு மதிப்பெண். அந்தப் பட்டியலில் எங்கேயும் அவர் வீடு இல்லை, அவர் வீட்டில் படித்துச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் இல்லை, அவருடைய மனைவி இல்லை, கடன் இல்லை. எனக்கு அவர் முதலில் வாத்தியார், அப்புறம்தான் கவிஞர். ஒரு வாத்தியாருடைய வாழ்க்கையாக அவரைச் சொல்லிக் கொடுத்தால்தான் அவர் யார் என்று பிள்ளைகளுக்குப் புரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

அவர் பிறந்தது 1815 ஏப்ரல் 6, திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில். அப்பா சிதம்பரம் பிள்ளை, அம்மா அன்னத்தாச்சி. அவர்களுக்குப் பூர்வீகம் மதுரை, அதனால்தான் பிள்ளைக்கு மீனாட்சிசுந்தரம் என்று பெயர் வைத்தார்கள். அப்பாவும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர், மகனுக்கு முதல் வாத்தியார் அவரே. மகனுக்கு மீசை அரும்பும் வயதில் அப்பா போய்விட்டார். அதற்கப்புறம் அந்தப் பையன் படித்த விதம் இருக்கிறதே, அதைத்தான் நான் வகுப்பில் நிதானமாகச் சொல்வேன்.

அது அச்சுப் புத்தகம் அரிதாக இருந்த காலம். நம்மவர்கள் தாராளமாக அச்சுக்கூடம் வைத்துக்கொள்ள வழி பிறந்ததே 1835-ல்தான், அப்போது இவருக்கு இருபது வயது. ஒரு நூல் வேண்டுமென்றால் அது யார் வீட்டு ஏட்டில் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும், போய்க் கேட்க வேண்டும், அவர் கொடுத்தால் வாங்கி வந்து எழுத்தாணியால் பிரதி எடுக்க வேண்டும், அப்புறம் அதற்குப் பொருள் சொல்லக்கூடிய ஆளைத் தேட வேண்டும். கம்பராமாயணம் முழுவதையும் தன் கையாலேயே மூன்று முறை ஏட்டில் எழுதியவர் இவர். பத்தாயிரத்துக்கு மேல் பாட்டு இருக்கிற நூல் அது. பனை ஓலையில், எழுத்தாணியால், மூன்று தடவை.

தண்டியலங்காரம் என்கிற அணி இலக்கண நூலைப் படித்த கதை இன்னும் பெரிது. ஊருக்குள் பிச்சை எடுத்துக்கொண்டு திரிந்த ஒரு பரதேசிக்கு அந்த நூல் நன்றாகத் தெரியும் என்று கேள்விப்பட்டார். அந்த ஆளோ லேசில் மசிகிறவர் இல்லை. இந்த இளைஞர் அவர் பின்னாலேயே தெருத் தெருவாகப் போய், அவருக்கு வேண்டியதையெல்லாம் செய்து கொடுத்து, அவர் மனம் இரங்கின வேளையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பாடம் கேட்டுக்கொண்டார். தெரிந்தவர் யாரானாலும் அவரிடம் போய் நிற்பது என்பது அவருக்குக் கடைசிவரை இருந்த குணம். சென்னைக்குப் போனபோதும் அங்கிருந்த வித்துவான்களைத் தேடிப் போய்ச் சந்தேகம் கேட்டுவிட்டுத்தான் ஊர் திரும்பினார். இப்படி ஒவ்வொரு வாசலாக நின்று படித்த மனிதர், தன் வாசலுக்கு வந்தவனிடம் காசு கேட்பாரா? அவர் யாரிடமும் கேட்டதில்லை. பாடத்துக்கும் வாங்கவில்லை, பல பேருக்குச் சாப்பாடும் போட்டார்.

திருச்சியில் இருந்தபோதே மாணவர்கள் சேர ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு மாயூரத்துக்குக் குடிவந்தார். அதுதான் இன்றைய மயிலாடுதுறை. திருவாவடுதுறை ஆதீனத்தில் அம்பலவாண தேசிகர் அவருக்கு மகாவித்துவான் பட்டம் கொடுத்தார், ஆதீன வித்துவானாகவும் ஆனார். மாயூரத்து வீடு, திருவாவடுதுறை மடம், அப்புறம் புராணம் பாடித் தரச்சொல்லி அழைத்த ஊர்கள் என்று அவர் வாழ்க்கை காவிரிக் கரையிலேயே சுற்றிச் சுற்றி நடந்தது. எங்கே போனாலும் மாணவர்களும் கூடவே போவார்கள், ஏட்டுச்சுவடிகளும் போகும். பாடம் நடக்கிற இடம் என்று தனியாக ஒன்று கிடையாது. காலையில் திண்ணையில் ஒரு நூல், சாயங்காலம் உலாவப் போகிறபோது இன்னொன்று, இரவு விளக்கு வைத்த பிறகு வேறொன்று. நடுவில் புராணம் பாட வேண்டிய வேலை வந்தால் அவர் வாயால் சொல்லச் சொல்ல ஒரு மாணவர் ஏட்டில் எழுதிக்கொண்டே வருவார். யோசிக்கிறேன் இரு என்று எழுதுகிறவரைக் காக்க வைக்கிற வழக்கமே அவரிடம் இல்லை. பாட்டு உருவாவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதே ஒரு பாடம்தான், அந்தப் பாடம் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது.

1871-ல் அந்த வீட்டுக்கு ஒரு பையனை அவன் அப்பா கூட்டி வந்தார். பதினாறு வயது, வேங்கடராமன் என்று பெயர். வீட்டில் சாமா என்று கூப்பிடுவார்கள், அதாவது சாமிநாதன். அந்தப் பெயரே இருக்கட்டும் என்று பிள்ளையவர்கள் சொல்ல, அதுவே நிலைத்துவிட்டது. பின்னாளில் உ.வே.சா. என்று நாம் சொல்கிற சாமிநாதையர் இந்தப் பையன்தான். ஆனால் முதல் சந்திப்பிலேயே அவர் 'சரி, வா' என்று சொல்லிவிடவில்லை. நிறையப் பேர் வருகிறார்கள், கொஞ்ச நாள் படிக்கிறார்கள், ஏதோ ஒரு காரணம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று வருத்தப்பட்டார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் வகுப்பறைகள்தான் ஞாபகம் வரும். ஜூனில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கதை கேட்ட பிள்ளை, பொங்கலுக்கு அப்புறம் வராது. விசாரித்தால் திருப்பூருக்குப் போய்விட்டான் என்பார்கள், இல்லையென்றால் பெண்ணுக்குக் கல்யாணம் பேசிவிட்டோம் என்பார்கள். எமிஸ் என்கிற அரசு மாணவர் பதிவில் ஒரு பெயர் குறையும், நமக்கு உள்ளே ஒன்று குறையும். அந்த வலி அவருக்கும் இருந்திருக்கிறது. அப்படி இருந்தும் அடுத்து வந்தவனை அவர் திருப்பி அனுப்பவில்லை.

அவர் தயங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பையன் பிராமணன், பிள்ளையவர்கள் வேளாளர். அந்தக் காலத்து வழக்கப்படி பையன் அவர் வீட்டில் சாப்பிட முடியாது, வெளியே எங்கேயாவது தனியாகச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். மாயூரத்தில் அதற்கு என்ன செய்வது என்பதுதான் அவருடைய கவலை. பையனின் அப்பா அந்தச் செலவை எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டதால் படிப்புத் தொடங்கியது. ஒரே திண்ணையில் ஒரே ஏட்டைப் பார்த்துப் படிக்கலாம், ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று இருந்த சமூகம் அது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வீட்டின் அருமை சரியாகத் தெரியும்.

அந்த வீட்டுத் தோட்டத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். என் வகுப்பில் பிள்ளைகள் அசையாமல் கேட்கிற இடம் இதுதான். வீட்டுக் கொல்லையில் தோட்டம் போட ஆசைப்பட்டு, சில மரங்களையும் செடிகளையும் வேரோடு கொண்டுவந்து நட்டிருந்தார். விடிந்ததும் அவருக்கு முதல் வேலை அவற்றில் எது துளிர்விட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது. எங்கேயாவது ஒரு தளிர் தெரிந்துவிட்டால் அவ்வளவு சந்தோஷம். புதிதாக வந்த சாமிநாதன் இதைக் கவனித்தான். ஆசிரியர் தன்னிடம் இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பேச மாட்டாரா என்ற ஏக்கம் அவனுக்கு. மறுநாள் அவருக்கு முன்னால் எழுந்து கொல்லைக்குப் போய், எந்தச் செடியில் எந்தப் பக்கம் துளிர் இருக்கிறது என்று தேடிப் பார்த்து வைத்துக்கொண்டான். அவர் வந்ததும் இதோ இங்கே ஒன்று, அதோ அங்கே ஒன்று என்று காட்டினான். அவருக்கு ஒரே மகிழ்ச்சி. அடுத்த நாளும் அப்படியே. கொஞ்ச நாளில் அவரே வந்து இன்றைக்கு ஏதாவது துளிர்த்திருக்கிறதா என்று அவனிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார். ஆசிரியர் மனத்தைப் பிடிக்க ஒரு பையன் எப்படியெல்லாம் யோசித்திருக்கிறான் என்று நம் பிள்ளைகள் சிரிப்பார்கள், அதே நேரம் அந்தப் பையனின் மனசு அவர்களுக்கு உடனே புரிந்துவிடும். ஏனென்றால் நம்மிடம் சாக்பீஸ் எடுத்துக் கொடுக்கவும் நோட்டைத் தூக்கி வரவும் போட்டி போடுகிற பிள்ளைகள்தானே அவர்கள்.

குறையாக ஒன்றும் சொல்ல வேண்டும். அப்போது மாயூரத்தில்தான் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் இருந்தார். சாமிநாதனுக்குச் சங்கீதத்தில் ஆசை, அவரிடம் போய்க் கற்றுக்கொண்டிருந்தான். பிள்ளையவர்களுக்கு அது பிடிக்கவில்லை, இலக்கியத்திலிருந்து மனம் விலகிவிடும் என்று நினைத்தார். பையன் சங்கீதத்தை விட்டுவிட்டான். ஒரு தமிழாசிரியையாக எனக்கு அவர் கவலை புரிகிறது. ஆனாலும் கோபாலகிருஷ்ண பாரதியார் பக்கத்துத் தெருவில் இருக்கும்போது ஒரு பிள்ளையை அங்கே போக விடாமல் செய்தது சரியென்று என்னால் சொல்ல முடியவில்லை. இதை வகுப்பில் விவாதமாகவே வைக்கலாம், பிள்ளைகள் இரண்டு பக்கமும் நன்றாகப் பேசுவார்கள்.

அவருடைய பக்தியைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேசவே முடியாது. நெற்றி நிறைய விபூதி, எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கோயில், பாடிய புராணங்களில் பெரும்பாலானவை சிவத்தலங்களைப் பற்றியவை, நாகைக் காரோணம், மாயூரம், குடந்தை, உறையூர் என்று. தேவார திருவாசகம் அவருக்கு மூச்சுமாதிரி. சைவ மடத்தின் வித்துவான் வேறு. அப்பேர்ப்பட்டவருடைய மாணவர்களில் சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவர். நாகூர் குலாம் காதிறு நாவலர் இஸ்லாமியர். பிள்ளையவர்களுடைய நெருங்கிய நண்பர் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய அதே வேதநாயகம் பிள்ளை, அவரும் கிறிஸ்தவர். அந்த நண்பரைத் தலைவராக வைத்துக் குளத்துக்கோவை என்று ஒரு கோவையே பாடியிருக்கிறார் இவர். சேக்கிழாருக்குப் பிள்ளைத்தமிழ் பாடிய வாய் அது. பக்தி என்றால் அடுத்தவனைத் தள்ளி நிறுத்துவது என்று ஆக்கிவைத்திருக்கிற இந்த நாளில், மதத்தின் பெயரால் வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் பிள்ளைகள் படித்துவிட்டு வகுப்பில் வந்து நம்மிடமே கேட்கிற இந்த நாளில், இவர் வீட்டுத் திண்ணையைக் காட்டுவதைவிட எளிய பதில் எனக்குத் தெரியவில்லை. விபூதியைக் கலைக்காமலேயே எல்லாரையும் உட்கார வைத்து பாடம் சொன்ன மனிதர் அவர்.

இப்போது வீட்டுக்குள் வருகிறேன். மனைவி பெயர் காவேரியாச்சி. மகன் பெயர் சிதம்பரம் பிள்ளை, தாத்தாவின் பெயர். பிள்ளையவர்கள் புராணம் பாடி, அரங்கேற்றம் செய்து, செல்வர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவார். வந்த பணம் கையில் தங்காது. மாணவர்கள் சாப்பாடு, வருகிறவர் போகிறவர் சாப்பாடு, ஏதாவது கஷ்டம் என்று வந்து நின்றவனுக்கு ஒரு உதவி. கடன் எப்போதும் இருந்தது. மகனுக்குக் கல்யாணம் செய்தபிறகு அது இன்னும் ஏறியது. ஆதீனத்தின் ஆதரவு இருந்ததால் ஓடியது, அவ்வளவுதான். பெரிய வித்துவான், ஊர் ஊராக மரியாதை, ஆனால் வீட்டில் நாளைக்கு என்ன செய்வது என்ற கவலை. இதையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறவர் இல்லை, உடன் இருந்த மாணவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

ஆனால் நான் கேட்பது, அந்தச் சாப்பாட்டைச் சமைத்தது யார்? இத்தனை நூற்பட்டியலும் தெரிந்த நமக்குக் காவேரியாச்சியைப் பற்றி ஒரு வரிக்கு மேல் தெரியாது. வீட்டுக்காரர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறபோது பானையில் அரிசி இருக்கிறதா என்று பார்க்கிற வேலை எந்தக் காலத்திலும் பெண்ணுக்குத்தான். இலவசமாகப் படிக்கவைத்தார் என்று நாம் சொல்கிற அந்த இலவசத்துக்கு அந்த அம்மாவும் விலை கொடுத்திருக்கிறார். வகுப்பில் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். காவேரியாச்சி. பிள்ளைகள் அந்தப் பெயரை மறக்க மாட்டார்கள், ஆறு ஓடுகிற ஊர்ப் பிள்ளைகள் கண்டிப்பாக மறக்க மாட்டார்கள்.

1956-லிருந்து காமராசர் காலத்து மதிய உணவு, 2022-லிருந்து காலை உணவு என்று இன்றைக்கு அரசாங்கம் செய்கிற காரியத்தை அன்றைக்கு ஒரு வீடு, கடன் வாங்கிக்கொண்டு செய்தது என்று சொன்னால் சத்துணவுக் கூடத்து வாசலில் தட்டோடு நிற்கிற பிள்ளைக்கு இது தன் கதையாகவே தெரியும்.

உங்களில் சிலர் கேட்கப்போவதும் எனக்குத் தெரியும். அவர் சொல்லிக்கொடுத்தது அந்தாதியும் பிள்ளைத்தமிழும் தல புராணமும்தானே, அதையெல்லாம் இன்றைக்கு யார் படிக்கிறார்கள் என்பீர்கள். உண்மைதான். யமகம், திரிபு என்று சொல்லை மடக்கி மடக்கிப் பாடிய அந்தப் பாட்டுகள் பலவற்றை நானும் உரை இல்லாமல் படிக்க முடியாது, விரும்பிப் படிப்பேன் என்றும் சொல்ல மாட்டேன். அவர் இருந்த காலத்தில் கற்றவர்கள் இலக்கியம் என்று கொண்டாடியது அதைத்தான். சங்க நூல்கள் மடத்து ஏடுகளிலும் வீட்டுப் பரண்களிலும் கிடந்தன. 1880-ல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், அங்கே கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த சாமிநாதையரைப் பார்த்து என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டதும், இவர் குடந்தை அந்தாதியில் ஆரம்பித்துப் பெரிய பட்டியலைச் சொன்னதும், அவர் அசராமல் இதனால் என்ன பயன், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிற மாதிரி கேட்டதும் நாம் எல்லாரும் வகுப்பில் சொல்கிற கதைதான். அந்தக் கதையைச் சொல்லும்போது பிள்ளையவர்கள் ஏதோ பயனில்லாததைக் கற்றுக்கொடுத்தவர் போல ஒரு நிழல் விழுந்துவிடுகிறது. அங்கேதான் எனக்கு ஆதங்கம்.

சிந்தாமணி ஏட்டைக் கையில் எடுத்தபோது சாமிநாதையருக்கு அது புரியாத நூல், சமண நூல், சொல்லித்தர ஆளும் இல்லை. ஆனால் ஓர் ஏட்டை எப்படிப் பார்ப்பது, சிதைந்த அடியை எப்படிச் சந்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பது, ஒரு சொல் இன்னொரு நூலில் எங்கே வருகிறது என்று மனத்துக்குள்ளேயே எப்படித் தேடுவது, தெரியாததைத் தெரிந்தவர் வீட்டு வாசலில் போய் எப்படிக் கேட்பது, இதெல்லாம் அந்த மாயூரத்துத் திண்ணையில் வந்த பழக்கம். சமணர்கள் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பாடம் கேட்டாரே, பரதேசி பின்னால் போன மனிதரிடம் படித்தவர் என்பதை அங்கே பார்க்கிறேன். 1887-ல் சிந்தாமணி அச்சாகி வந்தது. அப்புறம் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை. ஆசிரியரிடம் பாடம் கேட்காத நூல்களை மாணவர் உலகத்துக்குக் கொடுத்தார். தனக்குத் தெரிந்ததோடு நின்றுவிடாமல் தன்னைத் தாண்டிப் போகிற மாதிரி ஒருவனைப் படிக்க வைத்ததைவிட ஒரு வாத்தியார் வேறு என்ன செய்ய முடியும்?

அந்தக் கும்பகோணம் கல்லூரி வேலைக்கும் பின்னால் அதே திண்ணை இருக்கிறது. அங்கே தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் பிள்ளையவர்களின் மூத்த மாணவர். ஓய்வுபெற்றுப் போகும்போது, தன் ஆசிரியரிடம் படித்த தம்பி ஒருவன் இருக்கிறான், அவன்தான் இந்த இடத்துக்குத் தகுதி என்று முன்னின்று சாமிநாதையரைக் கொண்டுவந்து சேர்த்தார். அது 1880. ஆசிரியர் மறைந்து நாலு ஆண்டு ஆகியிருந்தது. அவர் வீட்டுப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கைவிடவில்லை.

கடைசி நாட்களையும் சொல்ல வேண்டும். அறுபது வயதுதான். உடம்பு தளர்ந்து திருவாவடுதுறையில் இருந்தார். சவேரிநாத பிள்ளை மகனைப் போலக் கூடவே இருந்து எல்லாப் பணிவிடையும் செய்தார். தை மாதம் 20, செவ்வாய்க்கிழமை. நிலைமை முடிவுக்கு வந்துவிட்டது என்று தெரிந்தபோது திருவாசகம் படிக்கச் சொல்லிக் குறிப்புக் காட்டினார். சாமிநாதன் ஏட்டை எடுத்து அடைக்கலப் பத்தைப் படிக்கத் தொடங்கினான். சவேரிநாத பிள்ளை அவரைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டார். திருவாசகம் காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. சைவத்தில் ஊறிய ஒருவர் ஒரு கிறிஸ்தவ மாணவரின் மார்பில் சாய்ந்தபடி திருவாசகம் கேட்டுக்கொண்டே போயிருக்கிறார். இந்த இடத்தை நான் வகுப்பில் சொல்லும்போது கூட ஒரு வார்த்தை விளக்கம் சொல்வதில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம், பிள்ளைகளே அடுத்த வகுப்பில் வந்து பேசுவார்கள்.

அதற்கப்புறம் நடந்ததில் ஒன்று மட்டும். சாமிநாதையர் அவரோடு இருந்தது ஐந்து ஆண்டுக்கும் குறைவு. ஆனால் தன் 78-ம் வயதில், 1933-லும் 34-லுமாக, ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றை இரண்டு பாகமாக எழுதி வெளியிட்டார். தன்னுடைய கதையை எழுதுவதற்கு முன்னாலேயே அதை எழுதி முடித்தார். நான் மேலே சொன்னவை பெரும்பாலும் அவர் பாதுகாத்து வைத்ததால் நமக்குக் கிடைத்தவைதான். நூலகத்தில் இருந்தால் எடுத்துப் படியுங்கள், இணையத்திலும் கிடைக்கிறது. நடை பழையதாக இருக்கும், பத்துப் பக்கம் தாண்டினால் பழகிவிடும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். நாற்பது நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். நூற்பட்டியலைக் கரும்பலகையில் எழுதாதீர்கள், எழுதினால் பிள்ளைகள் உடனே நோட்டை எடுத்துவிடுவார்கள், கதை அங்கேயே செத்துவிடும். லட்சம் பாட்டு என்கிற கணக்கும் வேண்டாம், எண்ணிக்கையைக் கேட்டால் வாயைப் பிளப்பார்கள், மனிதரை விட்டுவிடுவார்கள். ஆறாம் வகுப்புக்குத் தோட்டமும் துளிரும் போதும். எட்டு, ஒன்பதுக்குப் பரதேசி கதையும் சவேரிநாத பிள்ளையும். பனை ஓலை ஒன்றும் ஓர் ஆணியும் கொண்டுபோய், பிள்ளைகளை அவரவர் பெயரை மட்டும் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள், ஓலை கிழியும், கை வலிக்கும், அதற்குப் பிறகு கம்பராமாயணம் மூன்று பிரதி என்று சொன்னால் நீங்கள் விளக்க வேண்டியது ஒன்றுமே இருக்காது. மயிலாடுதுறை, கும்பகோணம் பக்கத்துப் பள்ளிகள் என்றால் திருவாவடுதுறைக்கு ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள், திருமூலர் வாழ்ந்ததாகச் சொல்கிற ஊரும் அதுதான், ஒரு பயணத்தில் இரண்டு பேரையும் சொல்லிவிடலாம். தனித்தனியாக அனுமதி வாங்குவது சிரமம் என்றால் இலக்கிய மன்றக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வித்தாள் எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த ஒரு மதிப்பெண் வினா இருந்துவிட்டுப் போகட்டும். கூடவே நெடுவினா ஒன்று கேளுங்கள்: இவருடைய திண்ணையில் யார் யார் படித்தார்கள், அவர்களில் உனக்குப் பிடித்தவர் யார், ஏன்? இதற்கு விடைக்குறிப்பு எழுதுவது உங்களுக்குக் கஷ்டம்தான், பிள்ளைகள் எழுதுவதைப் படித்துவிட்டு மதிப்பெண் போடுங்கள்.

சொல்லிப் பார்த்தவர்கள் எனக்கு எழுதுங்கள். என்ன சொன்னீர்கள் என்பதைவிடப் பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள். என் வகுப்பில் ஒரு பெண் கேட்ட கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை, உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்: "அம்மா, அவர்கிட்டப் பொண்ணுங்க யாராவது படிச்சாங்களா?"

அன்புடன்,
காவிரிக் கரையிலிருந்து ஒரு தமிழாசிரியை